சாராள் தூக்கிய கை

சாராள் அந்தப் பதவிக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை. மகள் ரெனிதா இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள் என்பதற்காகத்தான் அந்தச் சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனாள். "எல்லா பொண்ணுங்க அம்மாவும் வர்றாங்க. நீ மட்டும்தான் எப்பப் பாத்தாலும் ஷிஃப்டு ஷிஃப்டுன்னுவ."

அப்போது ரெனிதா ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். செங்கரைப்பாக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் புதிதாக ஆள் எடுக்கிற நாள் அது. மொத்தம் இருபத்து நான்கு பேர். தலைவராக மட்டும் அங்கே படிக்கிற ஒரு பிள்ளையின் அம்மா இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியை மைக்கில் சொன்னார். யாரும் எழுந்திருக்கவில்லை. "மாசத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமைதான்மா" என்று அவர் மூன்றாவது தடவை கேட்டபோது பின் வரிசையிலிருந்து ஒரு பெண், "தோ, அந்தப் பச்சப் பொடவ அக்கா. எஸ்டேட்ல செக்கரா கீது. நல்லா பேசும்" என்றாள். சாராள் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லோரும் கை தட்டிவிட்டார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதி ஆடை கம்பெனியில் அவளுக்குப் பதினோரு வருஷ வேலை. தைத்து வரும் சட்டைகளை மேசையில் விரித்துப் போட்டு, காலர், கை, பட்டன் என்று வரிசையாகப் பார்த்து, பழுது இருக்கும் இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். கணவர் பால்ராஜ் அதே எஸ்டேட்டில் வேறொரு கம்பெனிக்கு ஸ்டாஃப் வேன் ஓட்டுகிறார். குமணன்சாவடியில் ஆள் ஏற்ற வேண்டும் என்பதால் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். ஒரே மகள். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வானகரம் பக்கத்தில் ஒரு சின்ன சபைக்குப் போவார்கள்.

முதல் வருஷம் தலைவர் வேலை அவளுக்குப் பிடித்தே இருந்தது. பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. போட வைத்தாள். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் தேங்கிக் கிடந்த தண்ணீருக்காக மூன்று மனு எழுதி, நான்காவதுக்கு நேரிலேயே போய் நின்றாள். வாய்க்கால் வெட்டினார்கள். பழுது எது என்று கண்ணுக்குத் தெரிந்தது, சரி செய்தால் சரியாகிவிட்டது. பள்ளிக்கூட வாசல் பலகையில் 'தலைவர்: திருமதி பா. சாராள்' என்று பெயிண்டில் எழுதியிருப்பதை பால்ராஜ் போட்டோ எடுத்து சபை குரூப்பில் போட்டார்.

போன ஜூனில் நிவேதிதா மிஸ் வந்தார். விழுப்புரம் பக்கத்துப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்தார். படிக்கட்டுக்குப் பக்கத்துச் சுவரில் பிள்ளைகள் எழுதுவதை மாசாமாசம் ஒட்டலாமா என்று ஜூலைக் கூட்டத்தில் கேட்டார். 'எங்கள் பக்கம்' என்று பெயர்கூட வைத்திருந்தார். முன்னாள் வார்டு உறுப்பினர் ஏகாம்பரம் அந்தக் குழுவில் ஒருவர். ஊரில் பழைய விவசாயக் குடும்பம். நிலமெல்லாம் மனையாகப் போனபிறகு கட்சி வேலையில் முழுசாக இறங்கியவர். அவரே "பசங்க எழுதட்டும். நல்லதுதானே" என்றார். தீர்மான நோட்டில் சாராள் முழுக்கப் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

முதல் மாதம் மெட்ரோ தூண்களைப் பற்றி ஒரு பையன் கவிதை எழுதினான். அடுத்த மாதம் ஒரு பெண் தன் வீட்டு ஆட்டைப் பற்றி எழுதினாள். செப்டம்பரில் கிருஷ்ணப்பிரியா எழுதியது வந்தது. ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு, ரெனிதாவுக்கு ஒரு பெஞ்ச் முன்னால் உட்காருகிற பெண். ஏகாம்பரத்துக்குத் தம்பி மகள்.

தலைப்பு 'எனக்குக் காய்ச்சல் இல்லை.' கையெழுத்து குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது.

'மாதத்தில் ஐந்து நாள் நான் மோட்டார் ரூமுக்குப் பக்கத்து அறையில் இருப்பேன். அங்கே எனக்கு ஒரு தட்டு, ஒரு சொம்பு, ஒரு பாய். என் தம்பி கேட்டால் அக்காவுக்குக் காய்ச்சல் என்று சொல்வார்கள். எனக்குக் காய்ச்சல் இல்லை. அறிவியல் புத்தகத்தில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. அதில் மோட்டார் ரூம் பற்றி எதுவும் போடவில்லை. ஐந்து நாளும் யாரும் என்னைத் தொட மாட்டார்கள். ஆறாம் நாள் தலைக்குக் குளித்ததும் எல்லோரும் பழையபடி பேசுவார்கள். நானும் பேசுவேன். ஆனால் எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.'

அவ்வளவுதான். திங்கட்கிழமை காலை ஒட்டினார்கள். மதியத்துக்குள் யாரோ போட்டோ எடுத்து பெற்றோர் குரூப்பில் போட்டுவிட்டார்கள்.

கம்பெனியில் வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். சாப்பாட்டு இடைவேளையில் எடுத்துப் பார்த்தபோது சாராளுக்கு நாற்பத்திரண்டு மிஸ்டு கால். குரூப்பில் நானூறுக்கு மேல் மெசேஜ். அவள் தயிர்சாதத்தை மூடி வைத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தாள். ஆம்பளப் பசங்க போய் வர்ற எடத்துல இத ஒட்டுவாங்களா என்று ஒருவர். படிச்சிட்டு அழுதுட்டேன் என்று ஓர் அம்மா. பிள்ளைகளை வீட்டுக்கு எதிரா தூண்டி விடறாங்க என்று இன்னொருவர். அந்தப் பொண்ணு உண்மையத்தானே எழுதியிருக்கு என்று ஒருவர். கடைசியாக, பெயர் தெரியாத ஒரு நம்பர்: 'தலைவர் கிறிஸ்டியன். அவங்களுக்கு நம்ம வழக்கம் எப்படித் தெரியும்? தெரிஞ்சே செய்யறாங்களோ?'

அந்த வரியை அவள் மூன்று தடவை படித்தாள். எதைச் செய்ததாகச் சொல்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. அந்தப் பக்கத்தை அவளே அப்போதுதான் முதல்தடவை பார்க்கிறாள்.

அதற்குள் மறுபடியும் போன் அடித்தது. "மேடம், வணக்கம். என் பேரு தமிழ்வாணன்" என்று ஒரு குரல். ஆவடியில் ஒரு அமைப்பு நடத்துகிறவராம், வீடியோ சேனலும் வைத்திருக்கிறாராம். "நீங்க உறுதியா நில்லுங்க மேடம். இது கருத்துச் சுதந்திரப் பிரச்சனை. நாங்க உங்க பின்னாடி நிக்கிறோம்."

"எதுக்குங்க நிக்கிறீங்க? நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே" என்றாள் சாராள்.

"அதான் மேடம், நீங்க சொல்லப் போறதுக்கு."

சூப்பர்வைசரிடம் கெஞ்சி, மூன்று மணிக்கு பெர்மிஷன் வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. மேலே ஒரு செய்தித்தாளை செல்லோடேப்பால் ஒட்டியிருந்தார்கள். தலைமையாசிரியை அப்படிச் செய்யச் சொன்னாராம். சாராள் டேப்பின் ஒரு முனையை நகத்தால் பிரித்து, தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்று படித்தாள். போனில் படித்ததைவிடச் சின்னதாக இருந்தது. இதற்கா இவ்வளவு என்றும் தோன்றியது. இதை ரெனிதா எழுதியிருந்தால் என்றும் தோன்றியது.

நிவேதிதா மிஸ் ஓய்வறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். மற்ற டீச்சர்கள் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள்.

"அந்தப் பொண்ணு இன்னிக்கி மதியமே வீட்டுக்குப் போயிட்டா மேடம். பெரியப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டார்."

"நீங்க அவள கேட்டீங்களா மிஸ், ஒட்டலாமான்னு?"

"மூணு தடவை கேட்டேன். பேர் போடாம ஒட்டட்டுமான்னு கேட்டேன். பேர் போடணும்னு அவதான் சொன்னா."

"அவங்க அம்மாவ கேட்டீங்களா?"

நிவேதிதா மிஸ் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். "ஆட்டைப் பத்தி எழுதின பொண்ணோட அம்மாவ நான் கேக்கல மேடம். இத மட்டும் கேக்கணும்னா, எத கேக்கணும் எத கேக்க வேணாம்னு நான் எப்படிப் பிரிக்கறது? அம்மாவக் கேட்டிருந்தா இது வந்தே இருக்காது."

அது சரிதான் என்று சாராளுக்குப் பட்டது. கேட்டிருக்கலாமே என்றும் பட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படிச் சரியாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தாள். தலைமையாசிரியை வராந்தாவில் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஏகாம்பரம் தீர்மானம் கொண்டு வருகிறார், மேலே கல்வி ஆபீஸ்வரைக்கும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

மறுநாள் வேலைவிட்டு வந்ததும் சாராள் கிருஷ்ணப்பிரியாவின் வீட்டுக்குப் போனாள். பழைய ஊர்த் தெருவில் மூன்று மாடி. கீழே வாடகைக்கு விட்டிருந்தார்கள். அவள் அம்மா பெயர் வேம்புலியம்மாள். ரேஷன் கடையில் பார்த்துப் பேசிய பழக்கம் உண்டு. வேம்புலி அவளை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள். டீ கொடுத்தாள். பிறகுதான் பேசினாள்.

"நீ தலைவரா வந்துக்கீறியா, சாராளு, சும்மா வந்துக்கீறியா?"

"தெர்லக்கா. உன்ன பாக்கணும்னு தோணிச்சு, வந்துட்டேன்."

"எங்க பெரியவரு குதிச்சிகினு கீறாரு. ஊரு வழக்கத்த சுவத்துல ஒட்டிட்டாங்கன்னு. எனக்கு அது இல்ல." வேம்புலி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள். "அந்த ரூமு வேணாம்னு நானே நெனச்சுகினுதான் இருந்தேன். பத்தாவது வர்றதுக்குள்ள எப்டியாச்சும் நிறுத்திடணும்னு. எனக்கும் அதே ரூமுதான, கல்யாணம் பண்ணிகினு வந்ததுலேர்ந்து. இப்ப ஊரே பேசின அப்புறம் நிறுத்துனா என்னிய கேவலமா பேசுவாங்க. நிறுத்தலைனாலும் கேவலமா பேசுவாங்க."

"அவளாண்ட பேசினியா?"

"ஒண்ணு மட்டும் கேட்டேன். அஞ்சு நாளும் சாயங்காலம் அந்த வாசப்படியில வந்து உக்காந்துகினு இருப்பேனே, நீ படிக்கறப்போ. கரண்டு போனா விசிறுவேனே. அத ஏன்டி எழுதலன்னு கேட்டேன். யாரும் தொடலன்னு எழுதிக்கீறா. தொடல, நெசந்தான். நான் உக்காந்ததும் நெசந்தான?"

"இன்னா சொன்னா?"

"அது அவளுக்கு மறந்து போச்சாம்." வேம்புலி சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "மறந்துதான் போயிருக்கும். அவ பொய் சொல்றவ இல்ல."

கிருஷ்ணப்பிரியா மாடியில் இருந்தாள். கீழே வரவில்லை. படிக்கட்டில் ஒரு தடவை கொலுசுச் சத்தம் கேட்டு நின்றுபோனது.

கிளம்பும்போது வேம்புலி கேட்டாள். "உன் பொண்ணு உன் ஊட்டப் பத்தி எழுதி ஒட்டுனா நீ இன்னா பண்ணுவ?"

"எங்க ஊட்ல எழுதறதுக்கு இன்னாக்கா கீது" என்றாள் சாராள்.

அன்று சாயங்காலம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அதை ரெனிதாவிடம் சொன்னாள். சிரிப்பாக நினைத்துத்தான் சொன்னாள். ரெனிதா சிரிக்கவில்லை.

"நானும் ஒண்ணு எழுதி வெச்சிருக்கேம்மா. அடுத்த மாசத்துக்கு."

"எத பத்தி?"

"ஒட்டின அப்புறம் பாரு."

"காட்டேன்டி இப்போ."

"நீ தலைவரா கேக்கறியா, அம்மாவா கேக்கறியா?"

வேம்புலி கேட்ட அதே கேள்வி. வேம்புலியிடமாவது தெரியல என்று சொல்ல முடிந்தது. "ரெண்டும் நான்தானே" என்றாள். ரெனிதா நோட்டை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை காலை பால்ராஜ் வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ரெனிதா குளிக்கப் போனாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் சாராள் மகளின் பையைத் திறந்தாள். இதற்கு முன்னால் அவள் அந்தப் பையைத் திறந்தது டிபன் பாக்ஸ் எடுக்க மட்டும்தான். தமிழ் நோட்டின் நடுவில், மஞ்சள் கிளிப் போட்டு இரண்டு தாள் இருந்தன.

'எங்கள் வீட்டில் தினமும் இரவு எட்டு மணிக்கு ஜெபம் நடக்கும். அப்பா நடத்துவார். எல்லோரும் கண்ணை மூட வேண்டும். நான் மூடுவதில்லை. அப்பா யாரிடமோ பேசுகிறார். எனக்கு யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. ஞாயிறு சபையில் பாஸ்டர் கேட்டால் ஆமென் என்று சொல்வேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். பொய் சொல்லக் கூடாது என்றும் அங்கேதான் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு நாள் கண்ணைத் திறந்து பார்த்தபோது அம்மாவும் கண்ணைத் திறந்துதான் உட்கார்ந்திருந்தார். கேஸ் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து...'

தண்ணீர் நின்றது. சாராள் தாள்களை நோட்டில் செருகி, கிளிப்பைப் போட்டு, பையை மூடிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய் நின்றுகொண்டாள்.

பால்ராஜ் ஒரு காலத்தில் குடித்தவர். ரெனிதாவுக்கு ஐந்து வயது வரை அந்த வீட்டில் எத்தனை பாத்திரம் நசுங்கியது என்பது சாராளுக்குத்தான் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சபைக்குப் போக ஆரம்பித்தார், குடியை நிறுத்தினார். எட்டு மணி ஜெபம்தான் தன்னைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அவரே சொல்வார். அந்த ஜெபத்தைப் பற்றித்தான் மகள் எழுதியிருக்கிறாள். பொய்யாக எதுவும் எழுதவில்லை. கேஸ் அடுப்பைப் பார்த்ததும் உண்மை. பால் பொங்கிவிடுமோ என்று பார்த்திருப்பாள். அல்லது வேறு காரணமும் இருந்திருக்கலாம். அதை அவள் தன்னிடமே ஒருநாளும் கேட்டதில்லை. இதைப் படித்தால் பால்ராஜ் என்ன ஆவார்? சபையில் என்ன சொல்வார்கள்? 'தலைவர் கிறிஸ்டியன்' என்று எழுதினவன் இதைப் பார்த்தால் சந்தோஷப்படுவானா? எதுவுமே ஓர் இடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. அன்றைக்கு கம்பெனியில் ஒரே பண்டிலில் ஆறு பழுதை விட்டுவிட்டாள். இன்னா சாராள், ஒடம்பு சரியில்லயா என்று சூப்பர்வைசர் கேட்டார்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குப் பத்தொன்பது பேர் வந்தார்கள். வழக்கமாகப் பன்னிரண்டு பேர் வந்தாலே அதிகம். கேட்டுக்கு வெளியே தமிழ்வாணன் ஏழெட்டுப் பேரோடும் ஒரு பேனரோடும் நின்றார். குழுவில் இல்லாததால் உள்ளே விடவில்லை.

ஏகாம்பரம் எழுந்து நிதானமாகவே பேசினார். "யாரையும் எழுத வேணாம்னு நான் சொல்லல. பதினாலு வயசுப் பொண்ணு, அவ எழுதுனது நாள பின்ன அவளுக்கே வெனையா வரும். அத யோசிக்கத்தானே அப்பா அம்மா கீறாங்க. சுவத்துல எது ஒட்டுனாலும் பெத்தவங்க கையெழுத்து வாங்கிட்டு ஒட்டுங்க. அந்தப் பக்கத்த எடுத்துடுங்க. டீச்சருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் குடுங்க. மூணே மூணு."

பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா எழுந்தார். "கையெழுத்துன்னா இன்னா அர்த்தம்? அப்பன் அடிக்கிறான்னு ஒரு புள்ள எழுதுனா, அடிக்கிற அப்பன்கிட்டயே போய் கையெழுத்து கேக்குமா?"

"எங்க ஊட்ல யாரும் யாரையும் அடிக்கல" என்றார் ஏகாம்பரம். முகம் சிவந்துவிட்டது.

"நான் உங்க ஊட்ட சொல்லலண்ணே."

ஓர் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "எங்க ஊட்லயும் தனியாத்தான் ஒக்கார வெப்போம். என் பொண்ணு அன்னிக்கி வந்து, நீயும் எனக்குக் காய்ச்சல்னுதான் சொல்வியான்னு கேட்டா. எனக்கு இன்னா சொல்றதுன்னே தெரியல. அந்த டீச்சர் மேல எனக்கு கோவமும் கீது. இல்லாமயும் கீது."

அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். குழந்தைகள் உரிமை என்றார் ஒருவர், பண்பாடு என்றார் இன்னொருவர். போன தேர்தலில் யார் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்பதெல்லாம் நடுவில் வந்தது. வேம்புலி அங்கே வரவில்லை. கிருஷ்ணப்பிரியாவும் அங்கே இல்லை. அவர்கள் இரண்டு பேரைப் பற்றித்தான் பேச்சு.

தலைமையாசிரியை, "தலைவர் சொல்லட்டும்" என்றார்.

சாராள் எழுந்தாள். என்ன சொல்வது என்று முடிவு செய்துகொண்டு எழவில்லை. "அந்தப் பக்கம் அந்தப் பொண்ணோடது" என்றாள். "நாம எடுக்க வேணாம். அவ வந்து எடுக்கறதுன்னா எடுக்கட்டும். டீச்சருக்கு நோட்டீஸ் வேணாம். சுவரிதழ் போடலாம்னு கையெழுத்துப் போட்டவ நான். குடுக்கறதுன்னா எனக்குக் குடுங்க." அந்த இரண்டையும் ஏகாம்பரம்கூட விட்டுக்கொடுத்துவிட்டார்.

மிச்சம் இருந்தது பெற்றோர் கையெழுத்து. கை தூக்கச் சொன்னார்கள். வேண்டும் என்று ஒன்பது பேர், வேண்டாம் என்று ஒன்பது பேர். தலைமையாசிரியை இரண்டு தடவை எண்ணிவிட்டு சாராளைப் பார்த்தார். ஓரத்தில் நின்றிருந்த நிவேதிதா மிஸ்ஸும் பார்த்தார்.

சாராளுக்கு அந்த நேரத்தில் வாசப்படியில் உட்கார்ந்து விசிறுகிற வேம்புலி நினைவுக்கு வந்தாள். கூடவே, கிளிப் போட்ட இரண்டு தாளும் வந்தன. எது முதலில் வந்தது என்று இன்றுவரைக்கும் அவளால் சொல்ல முடியவில்லை. வேண்டும் என்று கை தூக்கினாள்.

வெளியே வரும்போது ஏகாம்பரம் பக்கத்தில் வந்து, "எங்க வழக்கத்துக்கு மரியாத குடுத்தம்மா. மறக்க மாட்டேன்" என்றார்.

"அதுக்காகத் தூக்கலண்ணே."

"பின்ன எதுக்கு?"

அவள் கேட்டைப் பார்த்து நடந்தாள். கேட்டுக்கு வெளியே தமிழ்வாணன் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "கடைசி நேரத்துல பயந்துட்டீங்களா மேடம்?" என்றார்.

"பயந்துட்டேன்" என்றாள் சாராள். "ஆனா நீங்க நெனைக்கிறதுக்கு இல்ல."

அந்தப் பாதியை மட்டும் வெட்டி, 'மிரட்டலுக்குப் பயந்தேன்: தலைவர் ஒப்புதல்' என்று தலைப்புக் கொடுத்து அவருடைய சேனலில் போட்டார்கள். பால்ராஜ் வேன் ஓட்டுகிற கம்பெனியில் யாரோ காட்டியிருக்கிறார்கள். "யாரு உன்ன மெரட்டினது? சொல்லு, நான் போய்க் கேக்கறேன்" என்று அவர் வீட்டுக்கு வந்து கேட்டார். யாரும் மிரட்டவில்லை என்று சொல்லிப் புரியவைக்க அரைமணி நேரம் ஆனது. முழுசாகப் புரிந்துகொண்டாரா என்று தெரியவில்லை. எட்டு மணிக்கு, தலைமைப் பொறுப்பில் இருக்கும் தன் மனைவிக்கு ஞானத்தைக் கொடுக்கும்படி வேண்டிக்கொண்டார். ரெனிதா பக்கம் திரும்ப சாராளுக்கு அன்றைக்கு தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை கிருஷ்ணப்பிரியா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். செய்தித்தாளை எடுத்துவிட்டிருந்தார்கள். அவள் தன் பக்கத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "இருக்கட்டும் மிஸ். மாசக் கடைசி வரைக்கும்தானே" என்றாளாம். மாசக் கடைசி வரைக்கும் இருந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அக்டோபர் சுவரில் மரம் வளர்ப்போம், தண்ணீரைச் சேமிப்போம், தாயின் அருமை என்று ஒன்பது பக்கம் வந்தது. ஒவ்வொன்றிலும் கீழே ஓரத்தில் ஒரு பெற்றோர் கையெழுத்து. படிக்காமலே போட்டவர்கள்தான் அதிகம் என்று நிவேதிதா மிஸ் சொன்னார். அவர் கோபமாகப் பேசவில்லை. சாராளை முன்புபோல மேடம் என்றுதான் கூப்பிட்டார், ஆனால் ஓய்வறையில் உட்காரச் சொல்லவில்லை.

நவம்பரில் ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் வேம்புலியைப் பார்த்தாள். குடையைப் பகிர்ந்துகொண்டு நின்றார்கள். இவளாக எதுவும் கேட்கவில்லை. பஸ் தூரத்தில் தெரிந்தபோது வேம்புலியே சொன்னாள். "பாய உள்ள கொண்டாந்து போட்டுட்டேன். தட்டு இன்னும் அங்கதான் கீது." சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள். அது கிருஷ்ணப்பிரியா எழுதியதால் நடந்ததா, அல்லது வேம்புலி எப்படியும் செய்திருப்பாளா, தான் கை தூக்கியது அதற்கு உதவியதா குறுக்கே நின்றதா என்று சாராள் அம்பத்தூர் போய்ச் சேரும்வரை யோசித்தாள். ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

ரெனிதா எழுதியது சுவரில் வரவே இல்லை. அக்டோபர் முழுக்க சாராள் காத்திருந்தாள். கையெழுத்துக் கேட்டு மகள் வருவாள், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பேசவேண்டியதை மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்து வைத்தாள். ரெனிதா வரவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபையிலிருந்து திரும்பி வரும்போது பால்ராஜ் பைக்குக்குப் பெட்ரோல் போடப் போன இடைவெளியில் அவளே கேட்டாள்.

"நீ எழுதினத ஏன்டி குடுக்கல?"

"கையெழுத்து வேணும்னாங்களே."

"என்னாண்ட கேட்டிருக்கலாம் இல்ல."

"கேட்டிருந்தா போட்டிருப்பியா?"

சாராள் ரோட்டைப் பார்த்தாள். "தெர்லடி" என்றாள். பிறகு, "நான் படிச்சேன். பாதி" என்றாள்.

"தெரியும். கிளிப்ப தலகீழா போட்டிருந்த."

ரெனிதா குரலில் கோபம் இருந்ததா என்று சாராளால் கண்டுபிடிக்க முடியவில்லை. பதினான்கு வயதில் மகள் குரல் எப்படி இவ்வளவு சமமாக வருகிறது என்று ஆச்சரியமாக இருந்தது.

"மீதி பாதில இன்னா எழுதியிருந்த?"

"படிக்காத வரைக்கும் உனக்கு நல்லது. இல்ல படிச்சாதான் நல்லதோ, எனக்கும் தெரியல." ரெனிதா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். "அப்பாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"ஏன்?"

அப்பாவுக்காக, உனக்காக, எனக்காக என்று சாராளிடம் மூன்று பதில் இருந்தன. மூன்றில் எது உண்மை என்று மகளிடம் சொல்வதற்கு முன்னால் தனக்குத் தெரிந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். பால்ராஜ் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள்.

ஜனவரிக் கூட்டத்தில் அந்தக் கையெழுத்து விதியைத் திரும்பப் பேசலாம் என்று சாராள் தானே கூட்டப் பொருளாக எழுதிக் கொடுத்தாள். எடுத்துவிடலாம் என்பதற்காகவா, இருக்கட்டும் என்று சொல்வதற்காகவா என்று தலைமையாசிரியை கேட்டார். "பேசிப் பாக்கணும் மேடம், அவ்ளோதான்" என்றாள். அன்றைக்கு ஏழு பேர் வந்தார்கள். குறைந்தபட்ச எண்ணிக்கை இல்லை, கூட்டம் தள்ளிவைப்பு என்று தலைமையாசிரியை நோட்டில் எழுதி நீட்டினார். சாராள் இந்தத் தடவை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.